கோப்பி அழிந்து தேயிலை வந்த கதை: ஒரு பயிர்மாற்றத்தின் பொருளாதார அடிப்படை

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடையே வழங்கிவந்த நாட்டார் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை முதலானோர் இருபதாம் நூற்றாண்டிலே தேடித் தொகுத்தனர். அவற்றைப் படிப்போர் ஒரு முரண்பாட்டினை அவதானிக்கத் தவறார். பாடியவர்கள் கொழுந்து பறிப்போர். அவர்களுடைய தாய்மாரும் பாட்டிமாரும் கொழுந்தே பறித்தவர்கள். ஆயினும் பாடல்கள் சிலவற்றிலே பறிக்கப்படுவது கோப்பிப் பழம். பயிர் மலையை விட்டு அகன்று இரண்டு தலைமுறை கடந்த பின்னரும் அதன் பெயர் வாய்மொழியிலே நின்று நிலைத்திருக்கிறது. பாடல்களின் சொல்லையும் சந்தத்தையும் மட்டும் ஆராய்வோர் இதனைப் பழமையின் எச்சம் என்று கூறி அமைந்துவிடுவர். அந்தப் பழமை எத்தகைய வாழ்க்கையினது, அது ஏன் முடிவுற்றது, அதனிடத்தைப் பிடித்தது யாது என்ற வினாக்களுக்கு விடை இலக்கியத்துக்குள்ளே கிடைப்பதில்லை. கணக்கேடுகளிலும் கட்டளைச் சட்டங்களிலுமே அதனைத் தேட வேண்டியுள்ளது.

பாடநூல்கள் கூறும் கதை யாவரும் அறிந்ததே. 1869இல் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலையில் ஒரு நோய் காணப்பட்டது, ஹெமிலியா வஸ்டட்ரிக்ஸ் என்னும் பூஞ்சணம் அதற்குக் காரணம், கோப்பி அழிந்தது, துரைமார் மனந்தளராது தேயிலையை நாட்டி நாட்டைக் காத்தனர். இதிலே நோய் வில்லனாகவும் துரை கதாநாயகனாகவும் தோன்றுகின்றனர். தொழிலாளி மேடையிலே இல்லை. கண்டிக் கிராமத்து விவசாயியும் இல்லை. வங்கியும் வட்டியும் இல்லை. இயற்கையின் விபத்தொன்றையும் தனிமனிதரின் ஊக்கத்தையும் கொண்டு ஒரு சமூக மாற்றத்தை விளக்கிவிடும் இம்முறை வரலாற்றெழுத்திலே பழகிப்போன ஒன்று. உண்மையில், பூஞ்சணம் தாக்கிய பின்னரும் ஒன்பது ஆண்டுகள் கோப்பிப் பரப்பு பெருகிக்கொண்டே சென்றது என்ற ஒரு செய்தியே இக்கதையின் அத்திவாரத்தை ஆட்டங்காணச் செய்துவிடும்.

கோப்பிச் செய்கை இந்நாட்டில் வேரூன்றியதற்குத் தேவைப்பட்டவை மூன்று: நிலம், சந்தை, உழைப்பு. நிலத்தை அரசு கொடுத்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதி காட்டமுடியாத காடுகளையும் சேனைகளையும் முடிக்குரிய காணிகளாகக் கொண்டது. கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய மலைச்சாரல்களுக்குப் பத்திரம் ஏது? அக்காணிகள் தொடக்கத்திலே ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்களிலே தேசாதிபதியும் குடியேற்றநாட்டு உயரதிகாரிகளும் இருந்தனர். சட்டமியற்றியோரும் அதனால் இலாபமடைந்தோரும் ஒருவரே என்பதற்கு இத்துணைத் துலாம்பரமான உதாரணம் அருமையாகவே கிடைக்கும். சந்தையோ மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதன் பயனாகத் திறந்தது. அங்கு கோப்பி உற்பத்தி வீழ்ச்சியுற, பிரித்தானியச் சந்தையில் இலங்கைக் கோப்பிக்கு இடமுண்டாயிற்று.

சந்தையிலே கட்டுண்ட பொருளாதாரத்தின் ஆபத்து விரைவிலேயே வெளிப்பட்டது. 1847இல் பிரித்தானியாவில் ஏற்பட்ட வர்த்தக நெருக்கடியினால் கோப்பி விலை சரிந்து, அரசின் வருமானமும் சுருங்கியது. தேசாதிபதி டொறிங்டன் அந்தத் துண்டுவிழும் தொகையை நாய்வரி, துப்பாக்கி வரி ஆகியவற்றாலும், வளர்ந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும் அல்லது பணம் கட்டுதல் வேண்டும் என்ற விதியாலும் ஈடுசெய்ய முனைந்தார். 1832இல் இராஜகாரியத்தை ஒழித்துப் புகழ் பெற்ற அதே ஆட்சி பதினாறு ஆண்டுகளின் பின்னர் அதனை வேறு பெயரில் மீண்டும் கொண்டுவந்தது. 1848இல் மாத்தளையிலே கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டார். இலண்டனில் ஒரு வணிக நிறுவனம் முறிந்தால் மாத்தளையில் ஒரு விவசாயி உயிரிழக்கும் நிலை அப்பொழுதே உருவாகிவிட்டது.

உழைப்புப் பற்றிச் சற்று விரிவாக நோக்க வேண்டும். கோப்பி ஆண்டு முழுவதும் பெருந்தொகையான ஆட்களை வேண்டி நிற்கும் பயிரன்று. பழம் பழுக்கும் சில மாதங்களிலேயே ஆட்கள் திரளாகத் தேவைப்பட்டனர். அப்பருவம் தமிழகத்து நெற்செய்கையில் வேலை குறைந்திருந்த காலத்தோடு ஒருவாறு பொருந்தியது. எனவே திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து நிலமற்றோரும் சிறுநிலமுடையோரும் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர்; வேலை முடிந்ததும் பலர் திரும்பிச் சென்றனர். வழியிலே கொலராவினாலும் பசியினாலும் மாண்டோர் தொகை பெரிது. வந்தவருள் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களது ஊர் அக்கரையில் இருந்தது. இங்கே இருந்தது வேலை மட்டுமே. துரையும் இதனையே விரும்பினான். வேலையற்ற மாதங்களில் அவர்களுக்குச் சோறிட வேண்டிய பொறுப்பு அவனுக்கில்லை. தமிழகத்துக் கிராமம் அதனைச் சுமந்தது. தோட்டத்தின் இலாபக் கணக்கிலே எழுதப்படாத ஒரு பேருதவி அது.

1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளிவந்தது. தோட்டத்து வேலைகளை நிர்வாகத்தின் நோக்கிலிருந்து வருணித்துப் போதிக்கும் நூல் அது. கண்டிக்குப் புகையிரதம் ஓடத்தொடங்கி இரண்டே ஆண்டுகள். கோப்பி தன் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த வேளை. அதே ஆண்டிலேதான் இலைநோயும் கண்டறியப்பட்டது என்பது ஒரு தற்செயலே. எனினும் ஒரு வர்க்கம் தன் செழிப்பு நிரந்தரமென நம்பிய கணத்தை அந்நூல் நமக்குப் பாதுகாத்துத் தந்திருக்கிறது.

இனி, நோய்க்கும் வீழ்ச்சிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு வருவோம். 1870களிலே ஏக்கருக்குரிய விளைச்சல் குறைந்துகொண்டே சென்றது. ஆனால் உலகச் சந்தையிலே கோப்பி விலை பெரிதும் உயர்ந்தது. விலையுயர்வு விளைச்சற் குறைவை மறைத்தது. இலைகள் உதிர்ந்துகொண்டிருந்த தோட்டங்களை அடமானமாகக் கொண்டு வங்கிகளும் கொழும்பு வணிக நிறுவனங்களும் கடன் கொடுத்தன. அக்கடனைக் கொண்டு மேலும் உயரமான காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1878 அளவில் பயிர்ப்பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கரை எட்டியது. நோயுற்ற பயிரொன்று தன் வரலாற்றிலேயே மிகக்கூடிய பரப்பினைப் பிடித்தமை விவசாய விஞ்ஞானத்தால் விளக்கக்கூடியதன்று. மூலதனத்தின் இயல்பினாலேயே அதனை விளங்கிக்கொள்ளலாம். இலாபம் கிடைக்கும்வரை மூலதனம் இலையைப் பார்ப்பதில்லை; விலையையே பார்க்கும். பிறேசிலின் கோப்பி சந்தையிலே குவிந்து விலை விழுந்தபொழுதுதான் நோயின் உண்மையான கோரம் துரைமாரின் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பின்னர் கடன் கொடுத்தோர் கைவிரித்தனர்; தோட்டங்கள் வாங்குவாரின்றி ஏலத்துக்கு வந்தன; பலர் வங்குறோத்தாயினர்.

1884 மே 3ஆந் திகதி ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் கதவடைத்தது. நாட்டிலே புழங்கிய நாணயத்தாள்களில் பெரும்பகுதி அத்தனியார் வங்கி வெளியிட்டவை. பொருளாதார விடயங்களில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கை அந்நாளைய ஆட்சியாளருக்கு வேதவாக்கு. விவசாயி பட்டினி கிடந்தபொழுது அந்த வேதவாக்கு மீறப்படவில்லை. வங்கி முறிந்தவுடன் தேசாதிபதி ஆதர் கோர்டன் அதன் தாள்களுக்கு அரசின் உத்தரவாதத்தை வழங்கினார். அதே ஆண்டில் நாணயத்தாள் வெளியிடும் உரிமையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. நாம் இன்று அரசின் இறைமைக்கு இயல்பான அடையாளமெனக் கருதும் ஓர் அதிகாரம் ஒரு தனியார் வங்கியின் முறிவிலிருந்து பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

துரையின் வீழ்ச்சியைப் பதிவுசெய்த ஏடுகள் பல. கிராமத்தவரின் வீழ்ச்சியைப் பதிவுசெய்தவை சில. கோப்பி பெருந்தோட்டங்களில் மட்டும் விளைந்ததன்று. கண்டிக் கிராமத்தவர் தம் வீட்டுத் தோட்டங்களிலும் அதனை வளர்த்து விற்றுப் பணம் கண்டனர். இந்நிலையில், நெல்லுக்கான தானிய வரியைப் பணமாகச் செலுத்தும் முறையை 1878ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வலுப்படுத்தியது. கோப்பி இருந்தவரை பணம் இருந்தது. கோப்பி போனதும் வரி மட்டும் எஞ்சியது. வலப்பனை முதலிய பகுதிகளிலே 1880களில் வரிப்பாக்கிக்காக வயல்கள் விற்கப்பட்டன. பாக்கித் தொகைகளோ பெரும்பாலும் அற்பமானவை. காணியிழந்தோர் பலர் நோயாலும் பசியாலும் மடிந்தனர். 1892இல் தானிய வரி நீக்கப்பட்டது. மலைநாட்டுச் சிங்கள விவசாயியின் வறுமைக்குத் தமிழ்த் தொழிலாளியின் வருகையே காரணம் என்று பிற்காலத்து அரசியல்வாதிகள் மேடைகளில் முழங்கியபோது, 1840ஆம் ஆண்டுச் சட்டமும் தானிய வரியும் அவர்களின் நினைவுக்கு வரவில்லை. அவற்றை நினைவுகூர்ந்தால் குற்றவாளியின் முகம் மாறிவிடும்.

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே 19 ஏக்கரில் தேயிலை நாட்டியது 1867இல். 1873இல் இலண்டனுக்குச் சென்றது 23 இறாத்தல். கோப்பி இலாபந் தந்தவரை எவரும் இதனைப் பொருட்படுத்தவில்லை. 1883இல் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 1890இல் ஏற்றுமதி ஏறத்தாழ நாலரைக் கோடி இறாத்தலாயிற்று. பயிர் மாறியது என்று ஒரே சொல்லில் இதனைக் கூறிவிடுகிறோம். உற்பத்தியின் முழு ஒழுங்கமைப்புமே மாறியது என்பதுதான் சரி. பறித்த கொழுந்தைத் தாமதமின்றி வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்த வேண்டும். அதற்குத் தோட்டத்திலேயே தொழிற்சாலை வேண்டும், இயந்திரம் வேண்டும், அதற்கு மூலதனம் வேண்டும். அடமானக் கடனில் வாழ்ந்த தனித்துரை இதற்கு ஆற்றாதவன். அவனுடைய இடத்தை இலண்டனிலே பதிவுசெய்யப்பட்ட ஸ்ரேலிங் கம்பனிகள் பிடித்தன. அக்கம்பனிகளுக்காகக் கொழும்பிலிருந்த முகவர் நிறுவனங்கள் தோட்டங்களை நிர்வகித்தன, உரத்தையும் பெட்டியையும் வாங்கிக் கொடுத்தன, தேயிலையைக் கப்பலேற்றின, ஒவ்வொன்றுக்கும் தரகு பெற்றன. தோட்டம் நட்டமடைந்தாலும் தரகு குறையவில்லை. முன்னைய துரை உடைமையாளன். புதிய துரை சம்பளம் பெறும் உத்தியோகத்தன். பங்களாவின் ஆடம்பரம் மட்டுமே பழையபடி இருந்தது.

இம்மாற்றத்தின் ஆழமான தாக்கம் உழைப்பிலே நிகழ்ந்தது. தேயிலைச் செடியில் வாரத்துக்கொருமுறை அல்லது பத்து நாட்களுக்கொருமுறை கொழுந்து எடுத்தாக வேண்டும். அதுவும் ஆண்டு முழுவதும். பருவத்துக்கு வந்து போகும் ஆண்களைக் கொண்டு இதனைச் செய்ய முடியாது. குடும்பம் குடும்பமாக மலையிலேயே தங்கும் தொழிலாளர் தேவைப்பட்டனர். 1871இல் ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சமாயிருந்த தோட்ட மக்கட்டொகை 1911இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பெண்கள் கொழுந்துக் கூடையைச் சுமந்தனர். சிறுவர்களும் பிரட்டுக்குச் சென்றனர். தற்காலிகக் கொட்டிலாயிருந்த லயம் தலைமுறைகளின் இல்லமாயிற்று. கொழுந்தெடுக்கப் பெண்ணின் விரல்களே ஏற்றவை என்ற வாதம் அன்றே பிறந்தது. விரல்களைப் புகழ்ந்தோர் கூலியிலே அதனைக் காட்டவில்லை. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் பின்னர் நிர்ணயிக்கப்பட்ட உயர்மலைப் பகுதி நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். இவ்வேறுபாடு நீங்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நிரந்தரமாகத் தங்கவைக்கப்பட்ட இவ்வுழைப்பு சுதந்திரமான கூலியுழைப்பாக இருந்ததா? மாக்சிய ஆய்வாளர்களிடையே விவாதத்துக்குரிய வினா இது. ஊரிலே முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்த கங்காணி வழிச்செலவு, அரிசி, துணி யாவற்றையும் கடனாக எழுதிக்கொண்டான். தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமாயின் அக்கடனைப் புதிய தோட்டம் தீர்த்தல் வேண்டும். அதற்கு வழங்கப்பட்ட சீட்டே ‘துண்டு’. கடன் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குக் கைமாறியது. ஆளும் அதனோடு கைமாறினான். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் சொல்லாமற் கொள்ளாமல் வேலையை விட்டவனைச் சிறையிலிடவும் முடிந்தது. முதலாளித்துவம் பழைய தளைகளை அறுத்து உழைப்பை விடுவிக்கும் என்ற பொதுவிதியை இங்கு அப்படியே பொருத்திப் பார்க்கும் தோழர்கள் சிலர் உளர். இலண்டன் சந்தைக்காக நவீன இயந்திரத்தில் உற்பத்திசெய்த அதே தோட்டம், கங்காணியின் சாதி அதிகாரத்தையும் உறவுமுறையையும் கடனையும் கூலிச்செலவைக் குறைக்கும் கருவிகளாக்கிக்கொண்டது. பழமை ஒழியவில்லை, வேலைக்கு அமர்த்தப்பட்டது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் நீக்கப்பட்டதற்கும் இந்திய அரசின் நெருக்குதல் ஒருபுறம், துரைமார் தமக்குள்ளே போட்டியிட்டு ஏற்றிக்கொண்ட கடன்சுமை தமக்கே தாங்கமுடியாததாயிற்று என்பது மறுபுறம்.

பொருளாதாரத்தை அடித்தளமாகக் கொள்வது வேறு, எல்லாவற்றையும் அதிலிருந்து இயந்திரரீதியாகப் பிழிந்தெடுப்பது வேறு. 1890இல் யோசப் புளொக்குக்கு எழுதிய கடிதத்திலேயே ஏங்கல்ஸ் இதனைத் தெளிவாக்கியுள்ளார். நமது விடயத்திலும், மூலதனம் உழைப்பாளரைத்தான் வேண்டியது. ஆனால் ஓரிடத்தில் தங்கிய உழைப்பாளர் காலப்போக்கில் ஒரு சமூகமாகினர். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டங்களிலே தொழிற்சங்கம் வளர்ந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குத் துணைநின்றன. கொழுந்துக்காக அழைத்துவரப்பட்ட கைகள் வாக்குச்சீட்டையும் பிடித்தன. அதற்குரிய பதில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமாக வந்தது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. உழைப்பு நாட்டுக்கு வேண்டும், உழைப்பாளன் நாட்டினனாதல் வேண்டாம் என்பதே அச்சட்டங்களின் சாரம். 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்துக்கு வடபுலத் தமிழ்த் தலைவர்கள் சிலர் பாராளுமன்றத்திலே ஆதரவளித்தனர். இதனை இனத்துரோகம் என்று மட்டும் கூறுவோர் பாதியையே காண்கின்றனர். மொழியுறவைக் காட்டிலும் வர்க்க உறவு அன்று வலுவாயிருந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்திலே 9,75,000 பேர் இரு அரசுகளின் பேரேட்டில் பங்கிடப்பட்டனர்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிகுதி பின்னர் தீர்மானிக்கப்படும். பொருட்களைப் பங்கிடுவோரும் இதனைவிடச் சற்றுத் தயக்கம் காட்டுவர்.

1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தமும் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டமையும் முற்போக்காளர் பலராலும் வரவேற்கப்பட்டன. அந்நிய மூலதனத்தின் பிடி அறுந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் லயத்தில் வாழ்ந்தோர் கண்டது வேறு. துரை மாறினார், பிரட்டு மாறவில்லை. பகிர்ந்தளிக்கப்பட்ட காணியிலே பங்கு பெறுவோர் பட்டியலில் அதில் உழைத்தோர் இடம்பெறவில்லை. 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்துக் காணி சுவீகரிப்பை எதிர்த்த போராட்டத்திலே சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டுக்குப் பலியானார். அந்நாளைய இடதுசாரிக் கட்சிகள் உடைமை மாற்றத்தையும் உற்பத்தி உறவு மாற்றத்தையும் ஒன்றெனக் கொண்ட தவறு, அவற்றின் வழிவந்த நமக்கும் உரிய தவறே. 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. 2021இல் நாட்கூலியை 1,000 ரூபாவாகச் சம்பள நிர்ணய சபை விதித்தபொழுது, தோட்டம் தாங்காது என்று கூறிக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன.

தோட்டம் தாங்காது என்ற வாதத்தை இன்னொரு செய்தியோடு சேர்த்து நோக்க வேண்டும். இன்று இலங்கைத் தேயிலையில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் சிறுடைமையாளரின் காணிகளில் விளைகிறது. காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களிலே ஓர் ஏக்கரும் இல்லாத குடும்பங்கள் கொழுந்தைப் பறித்து அயலிலுள்ள தொழிற்சாலைக்கு விற்கின்றன. தேயிலைக்குப் பெருந்தோட்டமே இன்றியமையாதது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கூறப்பட்டுவந்தது பயிரின் இயல்பு பற்றிய உண்மையன்று. ஒரு குறித்த காலத்து மூலதனத்தின் தேவையே பயிரின் இயல்பாக வேடம் புனைந்து வந்துள்ளது. அவ்வாறாயின், கொழுந்தின் இயல்பை எவரினும் நன்கறிந்த மலையகக் குடும்பம் தான் பறிக்கும் செடிகளுக்கு உடைமையாளராவதற்குத் தடையாயிருப்பது யாது? 2015ஆம் ஆண்டின் பின் வீடமைப்புத் திட்டங்களில் சில குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணி வழங்கப்பட்டது. ஏழு பேர்ச்சில் ஒரு வீடு கட்டலாம். பின்புறத்தில் கொஞ்சம் கறிவேப்பிலை வைக்கலாம். தேயிலை வைக்க இடம் போதாது.